மாமனாருக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர்

காலையில் கட்டைவிரல் பருமனில் இருந்த பித்தளைத் தண்டு, மத்தியானத்துக்குள் பென்சில் பருமனுக்கு வந்துவிட்டது.

"என்னங்க, அலமாரிக் கதவு ஏன் தொங்குது?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"கீலைக் கழட்டினேன்" என்றார் குமாஸ்தா.

"எதுக்கு?"

"கருவி செய்யத்தான்."

ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்குப் பிறந்தநாள். நாற்பது வருடம் கடைசல் பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாப்பிள்ளைக்கு ஆணி அடிக்கக்கூட வராது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அந்த வாயை ஒருமுறையாவது அடைத்துவிட வேண்டும் என்றுதான் குமாஸ்தா லேத் என்னும் கடைசல் இயந்திரம் சின்னதாக ஒன்று வாங்கி, தன் கையால் ஒரு ஸ்க்ரூடிரைவர் செய்து தரக் கிளம்பினார். பித்தளைப் பிடி வழுக்காமலிருக்க அதன்மேல் நெருக்கமாக வரிகள் அழுத்த வேண்டும். பட்டறைகளில் அதற்கு நர்லிங் என்று பெயர். அதற்கான கருவியையும் நானே செய்கிறேன் என்று மனைவியிடம் சவடால் அடித்ததுதான் வினையாகிவிட்டது.

கீலின் இரண்டு தகடுகளிலும் பழைய சிகரெட் லைட்டரின் பல்சக்கரங்களைப் பொருத்தி, நடுவே சுழலும் தண்டைக் கவ்வி, போல்ட்டை இறுக்கினார். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எலி கொறித்தது போல விழுந்தன. அதைக் கடைந்து வழித்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடி எலி. ஒவ்வொரு தடவையும் தண்டு இளைத்துக்கொண்டே போனது.

கீல் ஆடுவதுதான் கோளாறு என்று அடுத்த கதவின் கீலையும் கழற்றிச் சேர்த்தார். பலம்கொண்ட மட்டும் இறுக்கினார். தண்டு வளைந்தது. ஒரு சக்கரம் தெறித்துச் சமையலறைப் பக்கம் போனது.

"பாலைக் கீழே ஊத்திட்டேன்" என்றாள் மனைவி. "முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

மறுநாள் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டு, தெரிந்தவர் யாரும் வராத ஒரு பட்டறையைத் தேடிப்பிடித்தார். கூச்சத்தோடு உள்ளே போய் ஒரு ஸ்க்ரூடிரைவர் செய்து தரச் சொன்னார்.

"யாருக்கு சார் இது?" என்றார் பட்டறை முதலாளி.

"மாமனாருக்கு. நான் செஞ்ச மாதிரி இருக்கணும்."

"அவர் கண்டுபிடிச்சுட்டா?"

"அவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிற மனுஷர்.

"நம்ம ஆள்கிட்ட சொல்றேன். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்குங்க."

ஞாயிறன்று மாமனார் காகிதத்தைப் பிரித்தார். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரிகளின்மேல் நகத்தை ஓட்டினார்.

"நீங்களே செஞ்சதா, மாப்பிள்ளை?"

"ஆமாம் மாமா."

"கருவியும் இவரேதான்பா செஞ்சார்" என்றாள் மனைவி. "ரெண்டு கதவு போச்சு."

"நல்ல வேலை" என்றார் மாமனார், தலையை நிமிர்த்தாமலே.

கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை. குமாஸ்தாவுக்குக் காது இரண்டும் எரிந்தன. நல்ல மனிதரை நடுவீட்டில் உட்காரவைத்து ஏமாற்றுகிறோமே என்று குறுகிப்போனார்.

"மாமா, மன்னிச்சுடுங்க. நான் செய்யலை. பட்டறையில கொடுத்து வாங்கினேன். உங்களுக்குக் கண்ணு மங்கல்னு அவங்ககிட்ட பொய் வேற சொல்லிட்டேன்."

மாமனார் கத்துவார் என்று குமாஸ்தா காத்திருந்தார். அவரோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டீ கொண்டுவந்த மாமியார் டம்ளரைக் குமாஸ்தாவின் கையில் கொடுத்தார்.

"நீங்க ஏன் மாப்பிள்ளை தலை குனியறீங்க? உங்ககிட்டல்லாம் வாக்கிங்னு சொல்லிட்டு தினம் அந்தப் பட்டறைக்கு வேலைக்குப் போய், 'எவனோ கண்ணு தெரியாத மாமனாரை ஏமாத்தறான், அந்த முட்டாளும் நம்பப்போறான் பாரு'ன்னு என்கிட்ட விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, இதைக் கடைஞ்சு கொடுத்ததே இவர்தான்."