ஊரார் நிழல் பார்ப்பவர்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் மலாவாத்தி மலைக் குரங்குகளுக்கு அடுத்தபடியாக வேகமாகப் பெருகிவரும் இனம் ஒன்று உண்டு. குரங்காவது கையில் இருக்கும் கடலையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இந்த இனம் எதையும் பிடுங்காது. கூடவே உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்து, உங்கள் முகத்தையே பார்த்து, தலையை ஆட்டும். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் நிழல் பார்ப்போர்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. கண்ணை மூடுவார். மூச்சை இழுப்பார். மெதுவாக விடுவார். பிறகு, "இந்தக் கேள்விய நீங்க கேக்கலே. ஒங்க நிழல் கேக்குது" என்பார். சாப்பிட்டாரா, இல்லையா? கடைசிவரை தெரியாது.

விஷயம் புதிது என்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்தவன். அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆளில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கே ஒரு தடவையில் புரிந்தது, உங்களுக்குப் புரியாதா? மனிதன் தன்னிடம் உள்ள பொறாமை, பயம், அற்பத்தனம் எல்லாவற்றையும், ஓடாத மின்விசிறியைச் சாமான் அறைக்குள் தள்ளுவதுபோல, மனத்தின் மூலையில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறான். அதற்குப் பெயர் நிழல். கதவைத் திறந்து, "ஆமாம், இதுவும் நான்தான்" என்று ஒப்புக்கொள்வது நிழல் பயிற்சி. நல்ல பயிற்சிதான். சொல்லிக்கொடுப்பவர்கள் மேல் குற்றமில்லை. குற்றமெல்லாம் தேநீர் இடைவேளையின் மேல்.

பக்கத்து ஊரான அசாம் ஜாவாவின் லிங்கேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனை எண்ணெய் ஆலையில் ஆட்களை மேய்க்கும் போர்மனாக இருந்து ஓய்வுபெற்றவர். ஆலையில் நாள் முழுக்க ஆட்களை விரட்டியவருக்கு வீட்டில் விரட்ட ஆளில்லாமல் போனதால் ஆன்மாவை விரட்டத் தொடங்கினார். செம்புக் காப்பு போட்டார். கூழாங்கல் மேல் நடந்தார். நோனிச் சாறு குடித்தார். குடித்ததோடு நிற்காமல் தெருவையே குடிக்கவைத்தார். கடைசியில், சுங்கை பஞ்சாங்கில் நெல்வயலைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு விடுதியில் நடந்த நிழல் பயிற்சி முகாமில் போய் உட்கார்ந்தார்.

பயிற்சி கொடுத்தவர் வாகீஸ்வரி என்ற இளம்பெண். "ஒங்களுக்கு யார பாத்தா எரிச்சல் வருதோ, அவங்கள மனசுல கொண்டுவாங்க. அவங்ககிட்ட எந்தக் குணம் பிடிக்கலே? நல்லாப் பாருங்க. நிழல் அங்கதான் இருக்கு" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக லிங்கேஸ்வரனுக்குப் பிடித்த வீட்டுப்பாடம் கிடைத்தது. மற்றவர்கள் ஒரு முகத்தைத் தேடித் திணறியபோது இவர் மனத்தில் முகங்கள் கோயில் கூழுக்கு நிற்பதுபோல் வரிசை பிடித்து நின்றன. "தே குடிச்சிட்டு வாங்க, மிச்சத்தச் சொல்றேன்" என்றார் வாகீஸ்வரி.

அந்த மிச்சம் என்ன? "அடுத்தவரிடம் எந்தக் குணம் உங்களை எரிக்கிறதோ, அது உங்களிடமே ஒளிந்திருக்கிறது." அவ்வளவுதான். முழுப் பாடமும் அதில்தான் இருந்தது. அது சொல்லப்பட்ட நேரத்தில் நம்மாள் வெளியே தேநீர்க் கூடாரத்துக்கு அடியில், கையில் உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் பலகாரத்தோடு, சமையல்காரருக்கு அவருடைய நிழலை விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கி முடித்து உள்ளே வந்தபோது எல்லோரும் கைகூப்பி விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஊர் தாங்குமா?

தெருவோர ஒட்டுக்கடைக்காரன் செல்வா, நுரைக்க ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக்கில் சீனியைக் குறைத்துவிட்டான்.

"செல்வா, கொடுக்கறதுன்னா ஒனக்குப் பயம். சின்ன வயசுல யாரோ ஒன்கிட்டேருந்து எதையோ புடுங்கியிருக்காங்க."

"அண்ணே, ஒங்களுக்கு இனிப்பு நீரு லா. அண்ணிதான் போன் போட்டுச் சொன்னாங்க."

"பாத்தியா, பழிய அடுத்தவங்க மேல போடுற. அதுவும் நிழல்தான்."

கோயில் தலைவர் காளியண்ணன் ஒலிபெருக்கியை விடாமல் பேசினால், மேடையோரம் போய் நின்று, "தலைவரே, ஒங்கள சின்னப்புள்ளையில யாரும் தூக்கிக் கொஞ்சலே, அதான்" என்று பரிவோடு சொல்வார். அந்தப் பரிவும் ஒலிபெருக்கியில் கேட்கும். காளியண்ணன் இப்போது இவர் தலையைக் கண்டாலே திருநீறு வாங்காமல் நடையைக் கட்டுகிறார்.

இதெல்லாம் வெளிச் சேதாரம். வீட்டுக்குள் வருவோம். ஒரே மகள் தனேஸ்வரி, சாந்தன் என்ற பையனை விரும்பினாள். தங்கமான பையன். அவன் அப்பா தம்பிராஜா கிள்ளானில் பெரிய அலுவலகத்தை ஆண்டு ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அழைப்பிதழில் தம் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது என்பதற்காகச் சொந்தத் தங்கை வீட்டுக் கல்யாணத்திலிருந்து பந்திக்கு முன்பே எழுந்து போனவர். பையன் கெஞ்சிக் கூத்தாடி, அவர் ஒருவழியாக இறங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை தேதி குறிக்க வருவதாகச் சொல்லியிருந்தார். முகம் கோணினால் மனிதர் திரும்பி வரமாட்டார். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

"என்னாங்க, இன்னிக்கு ஒங்க வாயி ரெண்டு காரியத்துக்குத்தான் தொறக்கணும். வாங்கன்னு சொல்ல. பலகாரம் திங்க" என்றாள் மனைவி புனிதவதி.

"நான் என்ன சொல்லிறப் போறேன், புனிதம்?"

"அதான் தெரியலியே. அதான் பயமா இருக்கு."

"அப்பா, ப்ளீஸ் லா. ஒரே ஒரு நாளு. யாரோட நிழலும் வேணாம்" என்றாள் மகள்.

லிங்கேஸ்வரனுக்கு மனம் நொந்தது. உலகத்திலேயே பொறுமைசாலி தாம்தான் என்பது ஏன் சொந்த வீட்டுக்கு மட்டும் தெரியவில்லை?

வந்தார் தம்பிராஜா. கூடவே மனைவி இந்திரகுமாரியும் சாந்தனும். உட்கார்ந்ததும் மின்விசிறியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். சன்னல் எதிர்ச் சுவரில் இருந்திருக்க வேண்டும் என்றார். வாசல் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றும் முறை தப்பு என்றார். தாம் வராமல் தம் அலுவலகத்தில் ஒரு கூட்டமும் தொடங்கியதில்லை என்றார்.

"நான் ஆலையில இருந்தப்போ..." என்று தொடங்கினார் லிங்கேஸ்வரன்.

"பொறுங்கோ, நான் சொல்லி முடிக்கிறன்."

லிங்கேஸ்வரன் ஒரு முறுக்கு தின்றார். இன்னொன்று தின்றார். முறுக்கு வாயை அடைத்தது, எரிச்சலை அடைக்கவில்லை. "நான் என்ன சொல்ல வந்தேன்னா..." "பொறுங்கோ." தட்டில் முறுக்கு தீர்ந்தது.

கண்ணை மூடினார். புனிதவதி அவர் முழங்கையை இடித்தாள். மூச்சை இழுத்தார். தே கொண்டுவந்த தனேஸ்வரி தட்டோடு அப்படியே நின்றாள். மெதுவாக விட்டார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. வந்ததுலேருந்து யாரையும் பேசவிடாம நீங்களே பேசுறீங்க. அது நீங்க இல்லே. ஒங்க நிழல்."

சாந்தன் சட்டைப்பையில் கார்ச் சாவியைத் தடவினான். முடிந்தது கல்யாணம். தம்பிராஜா கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்திருக்கப் போகிறார் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவர் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். மெதுவாக விட்டார்!

"இதை நானே உங்களுக்குச் சொல்லுவம் எண்டு அப்போதையிலிருந்து இருக்கிறன். மற்றவையின்ர குறையைத் தேடிக்கொண்டே இருக்கிறியள். அது உங்கட நிழல்."

"நீங்களும் சுங்கை பஞ்சாங்கா?"

"போன முகாமுக்குப் போனனான். தேத்தண்ணிக்கு விட்டவுடனே வீட்டுக்கு வந்திட்டன். அந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் எனக்கு முதலே தெரிஞ்சதுதானே."

அப்புறம் என்ன? பிறந்ததிலிருந்து பிரிந்திருந்த இரட்டையர்போல் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒருவர் நிழலை ஒருவர் உரிக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு பேரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

இந்திரகுமாரி மெல்ல எழுந்து சமையலறைக்குள் வந்தார்.

"வீட்டிலயும் இப்பிடித்தானோ?"

"விடிஞ்சா ஆரம்பிச்சிருவாருங்க. நேத்து ரசத்துக்குக்கூட நிழல் பாத்தாரு."

"எங்கட ஆள் பூனைக்குப் பார்த்தவர்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது; அடக்க முடியாமல் புனிதவதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இந்திரகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வேற வீட்டுப் பிள்ளையெண்டா எங்கட வீட்டில ஒரு கிழமை தாங்காது. உங்கட மகளுக்கு நல்ல பழக்கம் இருக்கு. வேற பொருத்தம் என்னத்துக்கு? தையில வைப்பம்."

தேதி குறித்தாகிவிட்டது என்ற செய்தி கூடத்துக்கு வந்தபோது ஆண்கள் இருவரும் திடுக்கிட்டார்கள். தங்களைக் கேட்காமலா? இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் கண்ணை மூடினார்கள். சம்பந்திகள் இருவருக்கும் இடையே ஏற்பட்ட முதல் ஒற்றுமை அதுதான்: பெண்களுக்கு நிழல் அதிகம்.

சரி, இவ்வளவு நேரம் படித்தீர்களே, உங்கள் மனத்தில் யார் முகம் வந்துகொண்டிருந்தது? மாமனாரா? பக்கத்து வீட்டுக்காரரா? கோயில் செயலாளரா? "அப்படியே நம்மாளு!" என்று சிரித்து, இதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பக் கட்டைவிரலைத் தூக்கிவிட்டீர்களா?

இறக்குங்கள். கறிபாப்பைக் கீழே வையுங்கள். உள்ளே போய் உட்காருங்கள். மிச்சப் பாடம் இப்போதுதான் தொடங்குகிறது.