ஏழாம் நம்பர் கார்டு

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷம் கார்டு சாருக்கு அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. சட்டைப் பையில் செல்போன் துடித்தது. ஏழாம் நம்பர் கார்டு, காலை எட்டு இருபது, பேக்கரி.

பேக்கரியின் பெயரைப் படித்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் தெருமுனைப் பேக்கரி. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அதைத் தாண்டி வந்து பஸ் ஏறியிருந்தார்.

அவர் வேலை பார்ப்பது தண்ணீர் மோட்டார் விற்கிற ஒரு கம்பெனியில். வெளியே அலைகிற ஆட்களின் செலவுக்கென்று பதினொரு கிரெடிட் கார்டுகள். யாருக்கு எந்தக் கார்டு, அது எந்தெந்தக் கடையில் செல்லும் என்று தீர்மானிப்பது அவர் வேலை. அதனால்தான் ஆபீசில் அந்தப் பெயர். "இனி யார் கையிலும் ரொக்கம் கிடையாது, ஒரு டீ குடித்தாலும் கார்டில்தான்" என்று சேர்ந்த முதல் வாரமே சட்டம் போட்டவர். எந்தக் கார்டை எங்கே தேய்த்தாலும் மறுநொடி அவர் போனுக்குச் செய்தி வந்துவிடும்.

சந்தேகம் அவருடன் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். நான்காவது தரம் மனைவியை இழுத்துப் பார்க்கச் சொல்வார். முதலாளிக்கு அவரைப் பிடித்ததே இதனால்தான். "ஆறு மாசம் பாக்கறேன். சரியா இருந்தா வேலை நிரந்தரம்" என்று சொல்லியிருந்தார். பழைய கம்பெனியை இழுத்து மூடிவிட்டதால் எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர் கார்டு சார். பக்கத்து வீட்டுக்காரர் "இன்னிக்கும் லீவா?" என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தவர். இந்த வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. வேலை நிரந்தரம் என்ற கடிதம் கைக்கு வரும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

அந்த நேரம் பார்த்தா இந்த ஏழாம் நம்பர்?

அதை வைத்திருந்தவன் மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத விற்பனைக்காரன். கூலிங் கிளாஸ் என்றால்தான் ஆபீசில் தெரியும். அவன் வீடும், அவன் மோட்டார் விற்கிற ஏரியாவும் ஊரின் அந்தக் கோடியில். இந்தக் கோடியில் அவனுக்கு என்ன பன் வேண்டிக்கிடக்கிறது?

ஆபீசில் அவனை மடக்கினார்.

"தம்பி, காலைல எங்க போயிருந்தீங்க?"

"வெளிவேலை சார்."

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் சார்."

"அந்தப் பக்கம்னா?"

"இந்தப் பக்கம் இல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் பில்லை மேஜைமேல் வைத்தான். 'எதற்காக' என்று கார்டு சாரே அச்சடித்து வைத்திருந்த கட்டத்தில், 'வெளிவேலை' என்று முத்து முத்தாக எழுதியிருந்தான். படித்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடி போன் துடித்தது. அதே கார்டு, அதே பேக்கரி. ஒரு கால் செருப்போடு தெருமுனைக்கு ஓடினார். மேஜைமேல் ஒரு காலிக் கோப்பைதான் இருந்தது. தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையும் எட்டு இருபதுக்குச் செய்தி வந்தது. கார்டு சாரின் மூளை கணக்குப் போட்டது. 'நான் கிளம்பினதும் ஒண்ணு. நான் திரும்பினதும் ஒண்ணு. நான் போயாச்சான்னு பார்த்துட்டு வர்றான். நான் வந்ததும் நழுவிடறான்.' இந்த இடைவெளியில் வீட்டில் இருப்பது மனைவி ஒருத்திதான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதலாளியிடம் சொல்லலாம். என்னவென்று சொல்வது? கம்பெனி கார்டை வைத்துக்கொண்டு ஒருத்தன் என் பெண்டாட்டியைச் சுற்றுகிறான் என்றா? கடிதம் வருகிற வாரத்தில் இதைச் சொல்லிக்கொண்டு போய் நிற்க அவர் என்ன பைத்தியமா?

அதனால் தன் வழியில் போனார். கம்ப்யூட்டரில் ஏழாம் நம்பரைத் திறந்தார். கார்டு செல்லும் கடைகளின் நீளப் பட்டியல் வந்தது. பேக்கரிக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தார். 'இனிமே எப்படிப்பா பன் தின்பே?' என்று கையைத் தட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஆறு நாற்பதுக்குச் செய்தி வந்தது. ஏழாம் நம்பர், சலூன். பேக்கரியாவது தெருமுனையில் இருந்தது. சலூன் அவர் வீட்டுக்கு நேர் எதிரில்!

புதன்கிழமை காலை அதே சலூனில் இன்னொரு தரம் தேய்த்துவிட்டு, மழமழவென்று ஆபீசுக்கு வந்தான் கூலிங் கிளாஸ். நேற்று சாயங்காலம் கட்டிங், இன்று காலை ஷேவிங். கார்டு சார் பல்லைக் கடித்துக்கொண்டு சலூன் டிக்கையும் எடுத்தார். அன்று சாயங்காலமே செய்தி வந்தது: மருந்துக்கடை, இருமல் மிட்டாய். மருந்துக்கடைக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர்தான்.

அவர் ஒவ்வொரு கடையாக அடைக்க அடைக்க, அந்தப் பாவி ஒவ்வொரு கடையாக நெருங்கி வந்துகொண்டிருந்தான். மருந்துக்கடையையும் அடைத்தால் அடுத்து இருப்பது அவர் வீட்டு ஹால்தான். இந்த டிக்கை மட்டும் தொடாமல் விட்டார்.

சாப்பிடும்போது மனைவியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"நம்ம தெருவுல புதுசா யாராவது நடமாடறாங்களா?"

"ஏன், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"சும்மாதான் கேட்டேன்."

"ஒரு தம்பி வருதுங்க. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. என்ன மரியாதை, என்ன அடக்கம்! மருந்துக்கடையில என் பையைக்கூட அதுதான் தூக்கிட்டு வந்து குடுத்துது."

கார்டு சாருக்குப் புரையேறியது. "என்ன பேசினான்?"

"சார் எத்தனை மணிக்குக் கிளம்புவாரு, எத்தனை மணிக்கு வருவாருன்னு கேட்டுது."

"நீ சொல்லிட்டியா?"

"மறைக்கறதுக்கு அதுல என்னங்க இருக்கு? தண்ணியைக் குடிங்க, கண்ணெல்லாம் சிவந்து போச்சு."

இவ்வளவு வெகுளியாகப் பேசுகிறாளே, நிஜமாகவே வெகுளியா, இல்லை என் காதில் பூ சுற்றுகிறாளா? பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனுக்கு அந்த நினைப்பே கசந்தது. ஆனால் வந்த நினைப்பு போகவில்லை.

வியாழக்கிழமை காலை வழக்கம்போலக் கிளம்பினார். வழக்கம்போல பஸ் ஏறினார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் பின்தெரு வழியாக ஓடிவந்து, வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நின்ற வேனுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டார்.

"சார், வயித்து வலி. இன்னிக்கு வர முடியாது போலிருக்கு."

"அடடா. படுத்திருக்கீங்களா?"

"எழுந்திருக்கவே முடியல சார்" என்றார், எக்கி நின்று எட்டிப் பார்த்தபடி.

சலூன் பெஞ்சில் கூலிங் கிளாஸ் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக் கதவு திறந்தது. குப்பைக்கூடையோடு மனைவி வெளியே வந்தாள். அவன் எழுந்து வணக்கம் சொன்னான். அவள் சிரித்தாள்! சிரித்துவிட்டு உள்ளே போனவள் கதவைத் தாழ் போட்டாளா இல்லையா என்பது வேனுக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை.

அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. அவன் உள்ளே நுழைவதற்குமுன் தான் நுழைந்துவிட வேண்டும். பின்தெருவைச் சுற்றிக்கொண்டு போய், தன் வீட்டுச் சுவரில் தானே ஏறினார். ஏறியதுதான் தெரியும். பேண்ட் கிழிந்ததும், துணி துவைக்கிற கல்லில் தொப்பென்று விழுந்ததும், சமையல்கட்டிலிருந்து துடைப்பம் பறந்து வந்ததும் ஒரே சமயத்தில் நடந்தன.

"திருடன்! திருடன்!"

"ஏய், நான்தான்டி!"

"நான்தான்னு எந்தத் திருடனும்தான் சொல்லுவான்!" என்று இன்னும் இரண்டு போட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். "ஐயையோ, நீங்களா? வாசல்ல கதவு இருக்கே!"

அதற்குள் தெருவே கூடிவிட்டது. முதல் ஆளாக ஓடிவந்து நின்றவன் கூலிங் கிளாஸ். "சார், வயித்து வலின்னாங்களே? அடி ஏதும் பட்டுடுச்சா?" என்று கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தான்.

கார்டு சார் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்தார்.

"ஏன்டா, கம்பெனி கார்டுல பன்னைத் தின்னுட்டு என் வீட்டையா சுத்தி வர்றே? இன்னியோட முடிஞ்சுதுடா உன் வெளிவேலை!"

அவன் பையிலிருந்து ஏழாம் நம்பரை உருவினார். எதிர்ச் சலூனுக்குள் பாய்ந்து கத்திரியை எடுத்து, ஊர் பார்க்கக் கார்டை நாலு துண்டாக நறுக்கிப் போட்டார். கூலிங் கிளாஸ் முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினான். ஒரு குட்டி நோட்டை எடுத்து, வாட்சைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டு, அரைப்பக்கம் எழுதினான். நாலு துண்டையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

"எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா புரிஞ்சப்புறம் உங்களைச் சும்மா விடமாட்டேன்னு மட்டும் தெரியுது" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. கார்டு சாருக்கு இடுப்பு வலித்தாலும் மனசு லேசாக இருந்தது. வேலையையும் வீட்டையும் ஒரே மூச்சில் காப்பாற்றிவிட்ட மிதப்போடு சலூன்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்க கடையில உக்காந்துக்கிட்டுத்தானே நோட்டம் விட்டிருக்கான்? நீங்களாவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சலூன்காரர் அவர் கையிலிருந்த கத்திரியை மெதுவாக வாங்கித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார்.

"வேலை நிரந்தரம் பண்றதுக்கு முன்னாடி ஆள் எப்படின்னு பாத்து எழுதிட்டு வரச் சொல்லி உங்க முதலாளிதான் அந்தத் தம்பியை அனுப்பினாராம், இன்னிக்குக் காலைல வரைக்கும் உங்களைப் பத்தி நல்லாத்தான் சார் எழுதிட்டிருந்தாரு."