தெர்மாமீட்டர் சாரின் ஃப்ரிட்ஜ்

பாபநாசத்தில் உயிரில்லாத பொருளுக்கும் காய்ச்சல் பார்த்த ஒரே மனிதர் தெர்மாமீட்டர் சார். ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன். என் கல்யாணப் பந்தியில் பாயசத்தை அளந்துவிட்டுத்தான் குடித்தார்.

சாருக்கு அடுத்த வீட்டுச் செல்வி, வயலில் எரிவாயுக் குழாய் பதிப்பதை எதிர்த்து மறியலுக்குப் போவாள். நாலு மாத மகனுக்காகத் தாய்ப்பாலைக் கிண்ணங்களில் எடுத்து, தேதி எழுதி, சாருடைய ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கிளம்புவாள்.

ஆட்சி மாறியும் மின்வெட்டு மாறாத காலம் அது. கரண்ட் போனதும் சார் ஃப்ரிட்ஜ் கதவைக் கயிற்றால் கட்டி, சுற்றிலும் உமி மூட்டை அடுக்கிவிடுவார்.

"தயிர் எடுக்கணுங்க" என்பார் அவர் மனைவி.

"ரசத்தோட நிறுத்திக்க. திறந்தா குளிர் ஓடிடும்."

ஒரு நாள் மறியலில் செல்வியைக் கைது செய்து கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். சாயங்காலம்தான் விடுவார்களாம். காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பசியில் வீறிட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் கணவன் முருகன் ஓடிவந்தான். சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து நானும் போனேன்.

"ஐஸா உறைஞ்ச பால்ல சத்து இருக்குமா சார்?"

"கொழுப்பு, புரதமெல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்ப்பா. வைட்டமின் சி குறையும். கிருமியோட சண்டை போடுற உயிரணு நிறைய செத்துடும். நாளாக ஆக இன்னும் குறையும். அதான் பழைய தேதியை முதல்ல எடுக்கிறது."

மூட்டைகளை நகர்த்தி, கயிற்றை அவிழ்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கிண்ணத்தை எடுத்தார். பால் கல்லாகவே இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்கினார். மேலே கொழுப்பு தனியாக மிதந்தது.

"திரிஞ்சு போச்சு சார்! சோப்பு வாடை வேற அடிக்குது!"

"திரியலடா, பிரிஞ்சிருக்கு. மெதுவா சுத்தினா சேர்ந்துக்கும். வாடை பால்ல இருக்கிற என்சைம் பண்ற வேலை. கெடுதல் இல்ல. ஆனா சில புள்ளைங்க குடிக்காது."

கடைசி வாக்கியத்தில் முருகன் முகம் வெளுத்தது.

பாலாடை என்கிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில் ஊட்டிய முதல் பாலைக் குழந்தை சார் சட்டையிலேயே துப்பியது. சார் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சூடு வேண்டுமென்று கிண்ணத்தை மறுபடி தண்ணீரில் வைத்தார். இரண்டாவது பாலாடைப் பால் தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்டது.

"மிச்சத்தை மறுபடி ஐஸ்ல வெச்சிடலாமா சார்?"

"உருகினதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. கொட்டிடு."

சாயங்காலம் ஓடிவந்த செல்வியிடம் சார் ஒரு சீட்டை நீட்டினார். கரண்ட் போன நேரம், தண்ணீரின் சூடு, குடித்த பால், துப்பிய பால், எல்லாம் எண்களாக இருந்தன. கடைசி வரி மட்டும், "சிரித்தான்." எதிரே எண் போடாமல் விட்டிருந்தார்.