ஒரு முறம் தவிடு

குழந்தைக்குத் தகப்பன் யார் என்று நர்ஸ் சம்பூர்ணம் இரண்டாம் முறை கேட்டபோதும் வீராசாமி வாயைத் திறக்கவில்லை.

"வாய மூடிக்கினு நின்னா எப்படிபா? வேன் நிக்குது."

அவன் மனைவி நீலாம்பாளுக்கு ஏழாம் மாதமே வலி கண்டு, முந்தாநாள் பிறந்த பிள்ளை. கொடி வழியாக ரத்தம் சரியாகப் போய்ச் சேரவில்லை, அதனால்தான் வளரவில்லை என்றார் டாக்டரம்மா. பஞ்சில் பொதிந்து, இரு பக்கமும் வெந்நீர் பாட்டில் வைத்திருந்தார்கள். இதற்கு முன் இரண்டு ஏழாம் மாதப் பிள்ளைகளை வேகவதி ஆற்றங்கரையில் புதைத்தவன் வீராசாமி. மூன்றாவது குழி வெட்ட அவனுக்குத் தெம்பில்லை.

ஆகவே ஊர் வழக்கப்படி எமனை ஏமாற்றத் துணிந்தான். பெற்றது தங்காதவர்கள், பிள்ளைகளெல்லாம் பிழைத்து நிற்கிற ஒருத்திக்குக் குழந்தையைப் பேருக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால், எமன் விலாசம் தெரியாமல் திரும்பிவிடுவான். வார்டு பெருக்கும் எல்லம்மாளுக்கு ஆறு பிள்ளைகள், ஆறும் கல்லுக்குண்டு மாதிரி. அவளிடம் ஒரு முறம் தவிடு வாங்கிக்கொண்டு பிள்ளையை விற்றான். மற்றவர்கள் அத்தோடு விடுவார்கள். வீராசாமிக்கு எதிலும் அரைகுறை ஆகாது. எமனுக்குப் படிக்கத் தெரிந்தால்? ரெஜிஸ்டர் எழுதுபவரைக் கெஞ்சி, தாய் எல்லம்மாள், தகப்பன் அவள் புருஷன் காசிநாதன் என்றே எழுத வைத்தான்.

இப்போது சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டி ஒன்று காலியாம். உடனே கொண்டுபோனால் பிழைக்கலாம். பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும்.

"நான்தான் சிஸ்டர் அப்பன்," என்றான் கடைசியில்.

சம்பூர்ணம் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினாள். "இதுல அப்படி இல்லியேபா."

"வித்துட்டேன்."

சொல்லக்கூடாததைச் சொல்லியாயிற்று. போலீசைக் கூப்பிடவா என்று டாக்டரம்மா வந்து நின்றார். பணம் வாங்கவில்லை என்று காட்ட, வீராசாமி தவிட்டு மூட்டையை அவிழ்த்தான். விற்றது உறுதியாயிற்று.

எல்லம்மாள் வந்து கைநாட்டு வைக்காமல் வேன் கிளம்பாது. அவளோ வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருந்தாள். வீராசாமி செருப்பில்லாமல் வெயிலில் ஓடினான்.

விஷயத்தைக் கேட்டதும் எல்லம்மாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வீட்டு வாசலில் காசிநாதன் நின்றிருந்தான்; ஆறு பிள்ளைகளும் வேடிக்கை பார்த்தன. காசிநாதனைப் பார்த்ததும் வீராசாமிக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்க வூட்ல ஒண்ணுகூட சாவல. அந்த ராசிய நம்பித்தான் குடுத்தேன். என் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல?"

காசிநாதன் நிதானமாகச் சொன்னான்: "அவ பெத்தது நாலும் செத்துப் போச்சுங்க. இந்த ஆறும் உங்கள மாதிரி வந்து வித்தவங்க புள்ளைங்கதான். திருப்பிக் கேக்க வந்த மொத ஆளு நீங்கதான்."