உதவியாளருக்கு உதவ வந்தவர்

ஒரு வகுப்பையும் எடுக்காமலே, வகுப்பு எடுப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. பயிற்சியாளர் என்று பெயர். நீங்கள் பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரி எங்கே வேலை பார்த்தாலும் ஒரு சனிக்கிழமையையாவது இவரிடம் பறிகொடுத்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது இதில் ஒரு கிளையைப் பற்றி. எல்.கே.ஜி. டீச்சருக்குப் பக்கத்தில் நின்று மூக்கு துடைத்து, ஷூ மாட்டி, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொரு பிள்ளைக்குப் பென்சில் சீவுகிற உதவியாளப் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய திறனை மேம்படுத்த வருகிறவர்.

சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் பள்ளிக்கு வந்தவர் உதயகுமார். நான் ஆபீஸ் கிளார்க். ப்ரொஜக்டருக்கு ஒயர் தேடிக் கொடுத்தது நான்தான். சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து விடியற்காலையில் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, பஸ் பிடித்து வந்திருந்த நாற்பது பெண்களை எழுந்து நிற்கச் சொன்னார். தன் பெயரோடு ஒரு பழத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பந்தைத் தூக்கிப்போட வேண்டுமாம். கொய்யா, சப்போட்டா என்று எறிந்தார்கள். இதற்குக் கூச்சத்தை உடைப்பது என்று பெயர். உடைந்தது ஒரு ட்யூப்லைட்.

காஞ்சிபுரத்துக்கு வருகிற எந்தப் பயிற்சியாளரும் தறியைத் தொடாமல் போனதில்லை. குழந்தைகள்தான் பாவு, அது குறுக்கே ஓடும். நீங்கள் ஊடை, நீளத்துக்கு ஓடுவீர்கள் என்றார். வந்தவர்களில் பாதிப்பேர் தறிக்காரர் வீட்டுப் பெண்கள். நீளத்தில் ஓடுகிற நூல்தான் பாவு, குறுக்கே போவது ஊடை என்று சொல்ல அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் யார் சொல்வது? எழுதிக்கொண்டார்கள்.

கேள்வி கேட்க முதலில் கையைத் தூக்கியது எங்கள் எல்.கே.ஜி. உதவியாளர் ஏஞ்சல்.

"ஸார், எங்க க்ளாஸ்ல ரக்ஷான்னு ஒரு புள்ள இருக்குது. மணி அடிச்சா போதும், எழுந்து கேட்டாண்ட ஓடிடுது. வர்ற வாரத்துக்குள்ள சரி பண்ணலன்னா டி.சி. குடுத்துடுவோம்னு தாளாளர் சொல்லிட்டாரு. நான் என்னா பண்ணணும் ஸார்?"

"அருமையான கேள்வி" என்றார் உதயகுமார். பதில் தெரியாதபோது இந்த இனம் கேள்வியைப் பாராட்டும். அதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதச் சொல்லி, 'நம் கேள்விகள்' என்று தலைப்பிட்ட சார்ட்டில் ஒட்டிக்கொண்டார், சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாமாம். அந்தப் பிள்ளையை நாலு முறை நானே கேட்டில் மறித்துத் தூக்கி வந்திருக்கிறேன். எனக்குக் கோபமாக வந்தது. ஒயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் கைகழுவும் இடத்தில், ஏனாத்தூரிலிருந்து வந்திருந்த திரிஷா என்ற உதவியாளர் ஏஞ்சலை நிறுத்தி, மணி எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டாள். எல்.கே.ஜி. ஜன்னலுக்கு நேர் மேலே என்றாள் ஏஞ்சல்.

"அதான்பா. சத்தம் தாங்காம ஓடுது. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டு, ரெண்டு காதையும் பொத்திக்க சொல்லு. நீயும் பொத்திக்கோ. எங்க ஸ்கூல்ல ஒரு புள்ளைக்கு அப்டித்தான் பண்ணிக்கினு இருக்கேன்."

பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்த உதயகுமார், கொஞ்சம் அதிக நேரமே கழுவினார்.

சாயங்காலம் வந்தது. கருத்துப் படிவம் நிரப்பினார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். பதினொரு சீட்டுகள் ஒட்டிய சார்ட் சுருண்டு, ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டு காரில் ஏறிப் போனது.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நான் எல்.கே.ஜி. வாசலுக்குப் போய் நின்றேன். ஏஞ்சல் காதைப் பொத்திக்கொண்டாள். ரக்ஷாவும் பொத்திக்கொண்டாள். மணி அடித்து ஓய்ந்தது. குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. அந்த வாரம் முழுவதும் அப்படியே போனதால், டைப் செய்து வைத்திருந்த டி.சி.யை நானே கிழித்துப் போட்டேன்.

அடுத்த மாதம் வாலாஜாபாத்தில் உதயகுமாருக்கு இன்னொரு பயிற்சி. பயிற்சி என்றாலே திரிஷாவை அனுப்பிவிடுவது அவள் பள்ளியின் வழக்கம், அங்கேயும் போயிருந்தாள். திரையில் காதைப் பொத்திய குழந்தைப் படம். தம்முடைய பதினைந்து வருட அனுபவத்தில், மணிச் சத்தத்துக்கு ஓடிய ஒரு குழந்தையைத் தாம் எப்படி மாற்றினார் என்று உதயகுமார் விளக்க, பலத்த கைதட்டல். இதைத் திரிஷா ஏஞ்சலிடம் போனில் சொன்னபோது, நீ ஒன்றும் சொல்லவில்லையா என்று இவள் கேட்டாளாம். அதற்குத் திரிஷா:

"எழுதிக்கினேன்பா. நோட்டைக் காட்டினாத்தான் சர்டிபிகேட்டு."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் மீட்டிங்கில், 'எனக்கு ஒரு யோசனை தோன்றியது' என்று ஆரம்பித்தீர்களே, அப்போது எதிரே ஒருவர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தாரா என்று மட்டும் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள்.