தொடக்கூடாத ஆறு

உலகத்தில் ஆற்றுக்கு அணை கட்டியவர்கள் உண்டு, பாலம் கட்டியவர்கள் உண்டு. ஆற்றையே கட்டியவர் எங்கள் குடிநீர் வழங்கல் துறையின் பொறியாளர் ஒருவர்தான். அவருக்கு உதவியாளனாக இருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

பொறியாளருக்குப் பொம்மை ரயில் என்றால் உயிர். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும். ‘மாதிரி ரயில்பாதை’ என்று சொல்ல வேண்டும். மலை, சுரங்கம், ஸ்டேஷன் எல்லாம் வீட்டிலேயே செய்து முடித்துவிட்டார். ஆறுதான் பாக்கி. அதை ரெசினில் ஊற்றிச் செய்ய வேண்டும். ஊற்றும்போது தண்ணீர் மாதிரி இருக்கும், காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். மேசை ஒரு நூல் சாய்ந்தாலும் ஆறு ஒரு பக்கமாக ஓடி உறைந்துவிடும். தூசியும் ஆகாது. மட்டம் பிசகாத மேசையும் தூசியில்லாத அறையும் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில்தான் இருந்தன. எனவே பொதுநலன் கருதி, பரிசோதனைக் கருவிகள் அட்டைப்பெட்டிக்குள் ஓய்வெடுக்கச் சென்றன. அன்றிலிருந்து ஊர்த் தண்ணீர் ‘கண்பார்வை முறை’யில் சோதிக்கப்பட்டு வருகிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரம்மா ஒருவர் பாட்டிலோடு வந்து நின்றார்.

“சார், இது எங்க தெருக் குழாய்த் தண்ணி. பொண்ணு ஒரு வாரமா வாந்தி பேதியில படுத்திருக்கா. சாக்கடைக்குள்ள குழாய் உடைஞ்சிருக்கு. மாத்திக் குடுங்க சார்.”

பொறியாளர் ரெசினில் எழுந்த காற்றுக்குமிழிகளை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். பாட்டிலை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, கண்பார்வை முறையைப் பிரயோகித்தார்.

“தெளிவாத்தானே இருக்கு?”

“அடியில பாருங்க சார், சேறு.”

“அடியில எதுக்கும்மா பாக்கறே? மேல பாரு.”

“மேல நுரை மிதக்குது சார்.”

“நுரை வந்தா தண்ணி வேகமா வருதுன்னு அர்த்தம். சந்தோஷப்படு.”

அவர் கொண்டுவந்திருந்த மனுவில் ‘தெளிவாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் தையல்காரம்மாவின் தோளில் தொங்கிய அளவு நாடாவைக் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமை மாதிரி ரயில் சங்கத்தின் போட்டி, மேசையைச் சுற்றி மறைக்கக் கொசுவம் வைத்த கறுப்புத் திரை வேண்டும்.

“அதைத் தெச்சுக் குடு. குழாயைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

மகளை நினைத்துத் தையல்காரம்மா தலையாட்டினார். பாட்டில் எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் ரயில் சங்கத் தலைவர் ஆற்றை முன்கூட்டியே பார்வையிட வந்தார். தொழிலில் பல் டாக்டர். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பாலத்துக்கு அடியில் விட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன சார், பளிங்கு மாதிரி இருக்கு? இவ்வளவு சுத்தமான தண்ணியை எங்க பாத்தீங்க? நம்பற மாதிரியே இல்லையே!”

எங்கள் துறையின் சரித்திரத்தில் இப்படியொரு புகார் வந்ததில்லை. பொறியாளர் இடிந்துபோனார். சாப்பாடு இறங்கவில்லை. சோர்ந்துபோய் அலமாரியைப் பார்த்தவர் துள்ளி எழுந்தார். பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேல்பூச்சு ரெசினில் நிறம் கலக்க ஆரம்பித்தார்.

“பழுப்பு பத்தலையே. இன்னும் ரெண்டு சொட்டு விடுய்யா. அந்தச் சேறு எப்படித் தங்கியிருக்கு பாத்தியா, என்ன அழகு! ஓரத்துல பச்சை. நுரைக்குப் பஞ்சைப் பிச்சு வை.”

அவருடைய கண்பார்வை இவ்வளவு கூர்மையானது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பரிசு அவருக்கே. எப்படி இவ்வளவு தத்ரூபம் என்று பல் டாக்டர் வியந்து கேட்டார்.

“நம்ம சப்ளை தண்ணியைப் பக்கத்துல வெச்சுக் கலர் பாத்தேன் சார். இம்மி வித்தியாசம் கண்டுபிடிங்க பாக்கலாம்!”

அறை அதிரக் கைதட்டினார்கள். திரைக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்த தையல்காரம்மா நிமிர்ந்தார்.

“அப்போ எங்க தண்ணி அழுக்குதானே சார்?”

“அது தண்ணிம்மா. இது கலை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே.”

அதற்குள் ஒரு குழந்தை ஆற்றில் விரலை விட்டுவிட்டது. மேல்பூச்சு இன்னும் இறுகவில்லை. ஈர ரெசின் வாயில் போனால் ஆபத்து. பொறியாளர் பதறிப்போனார். உடனே ஒரு எச்சரிக்கைப் பலகை எழுதச் சொன்னார். நான் ‘இந்த ரெசின்’ என்று ஆரம்பித்தேன்.

“ரெசின்னு எழுதினா தத்ரூபம் போயிடும்யா. தண்ணீர்னு எழுது!”

எழுதினேன். ‘எச்சரிக்கை! இந்தத் தண்ணீர் வாயில் படக் கூடாது. குழந்தைகளை அருகில் விடாதீர்கள். இப்படிக்கு, குடிநீர் வழங்கல் துறை.’ முத்திரையும் குத்தினேன். தையல்காரம்மா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தபோது பலகையைக் காணோம். தையல்காரம்மாவின் தெருக் குழாயில் தொங்குவதாகச் செய்தி வந்தது. பொறியாளர் கொதித்தார்.

“துறையோட சொத்தை எடுத்துட்டுப் போறதா? போய்க் கழட்டிட்டு வாய்யா!”

போனேன். தையல்காரம்மா குழாயடியிலேயே நின்றிருந்தார்.

“தாராளமாக் கழட்டிக்குங்க தம்பி. இதுல எது பொய்னு மட்டும் சொல்லிட்டுக் கழட்டுங்க.”

வெறுங்கையோடு திரும்பினேன். முடிச்சு ரொம்ப இறுக்கம் சார் என்று சொல்லிவிட்டேன். எங்கள் துறை அந்தத் தெருவுக்கு இதுவரை வழங்கியவற்றில் கலப்படமில்லாதது அந்தப் பலகை ஒன்றுதான்.