செங்கமலம் நடத்திய வேட்டை வகுப்பு

ஒரு காட்டில், அதாவது செல்போன் டவர் நட்டது போக மிச்சமிருந்த காட்டில், செங்கமலம் என்றொரு சிறுத்தை இருந்தாள். அவளுக்கு ஒரே மகன். பெயர் தன்விக். பெயரைத் தேடி எடுப்பதில் காட்டிய அக்கறையில் கால்வாசியை வளர்ப்பதில் காட்டியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

செங்கமலத்துக்கு முன்னங்கால் முறிந்து சரியாகக் கூடவில்லை. இனி அவளால் மான் துரத்த முடியாது. மழைக்காலத்துக்குள் மகன் வேட்டை பழகாவிட்டால் இரண்டு பேருக்கும் பட்டினிதான். அதனால் சிறுத்தைத் தாய்மார்களின் வழக்கப்படி ஒரு முயலை உயிரோடு கவ்வி வந்து மகன் முன்னால் விட்டாள்.

முயல் ஓங்கி ஓர் உதை விட்டது. தன்விக் அழுதான்.

"சரிடா கண்ணு, நாளைக்குப் பிடிக்கலாம்" என்று முயலைப் பொந்தில் தள்ளிக் கல்லை வைத்து மூடினாள். தினம் ஒரு புது முயலுக்கு நொண்டிக் காலோடு அவள் எங்கே போவாள்? தாயும் மகனும் ஓடை நண்டைத் தின்று படுத்தார்கள்.

மறுநாளும் அதே முயல்தான். அதற்கு மறுநாளும்.

"காற்று எதிரே வரணும். புதரை விட்டுத் தலையை நீட்டக்கூடாது. இரை திரும்புறதுக்கு முன்னாடியே நீ பாயணும்" என்று செங்கமலம் தொண்டை கிழியக் கத்துவாள். தன்விக் போனிலிருந்து தலை தூக்காமல் "ம்" என்பான். கடைசியில் அவளே முயலை அமுக்கிப் பிடிப்பாள். அதன் மேல் மகன் ஒரு காலை வைப்பான். உடனே ஒரு போட்டோ. காடெல்லாம் லைக்.

முயல் மட்டும் காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. "அக்கா, ஒரு சந்தேகம். நீங்க பாயுற நேரத்துல இரை சட்டுன்னு நின்னுட்டா?"

"நல்ல கேள்வி! அப்ப நாம தாண்டிப் போய் விழுந்துடுவோம்." செங்கமலத்துக்கு மனம் குளிர்ந்தது. "பாருடா, அது எப்படிக் கவனிக்குதுன்னு. நீயும் இருக்கியே!"

மேகம் கறுத்தது. ஓடையில் நண்டும் தீர்ந்தது. "இன்னிக்கு நான் தொடமாட்டேன். நீ பிடிச்சாத்தான் சாப்பாடு" என்று முயலைத் திறந்தவெளியில் விட்டாள். தன்விக் பாய்ந்தான். முயல் சட்டென நின்றது. அவன் தாண்டிப் போய் முள்ளில் விழுந்தான்.

"இது சிலபஸ்லயே இல்லம்மா!" என்று அங்கிருந்தே கத்தினான்.

செங்கமலத்தின் காதில் அது விழவில்லை. பசியில் வயிறு காந்தியது. ஆனாலும் மேட்டைத் தாண்டி ஓடும் முயலைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணுகூட மறக்கலையே, என் ராசா" என்றாள்.

நீதி: பாடம் நடத்தினால் யாராவது ஒருவர் படித்தே தீருவார். அது உங்கள் பிள்ளைதான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.